குரல் இல்லாமல் வந்த காட்சி

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, அம்மா. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். ஆனால் இதை வரிசையாகச் சொல்ல எனக்கு வருமா என்பது சந்தேகம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முப்பது வருஷமாக யாராவது எழுதிக் கொடுத்ததைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த இடத்தில் அழு என்றால் அழுவேன், இந்த இடத்தில் நிறுத்து என்றால் நிறுத்துவேன். சொந்தமாகப் பேசு என்றால் முன்னது பின்னதாகிவிடும். ஒரு வார்த்தை இடம் மாறிப்போனால் ஏதோ நானே செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறார்கள்.

நீங்கள் குரலை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் பாருங்கள், அதுவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டக்டரிடம் "பண்ருட்டி ஒண்ணு" என்றுதானே கேட்டேன்? அதற்கே திரும்பிப் பார்த்து, "நீங்க வெந்நீர்க்கார அம்மாதானே!" என்றீர்கள். முகத்தைப் பார்த்து ஒருத்தரும் என்னைக் கண்டுபிடித்தது கிடையாது. முகத்துக்கு என்ன, ஊரில் இருக்கிற ஆயிரம் முகத்தில் அதுவும் ஒன்று. குரல் அப்படி இல்லை. குரலை வைத்துத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடும். அதுதான் என் பயமே. சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆமாம், நான்தான். அந்த ஜப்பான் சீரியலில் வெந்நீர்க் குளியல் விடுதி நடத்துகிற ஓரியே அம்மாவுக்குப் பதினோரு வருஷமாகத் தமிழ்க் குரல் நான்தான். என் பேர் சுகுணா. பேர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பேரெல்லாம் கடைசியில் ஓடும். அந்நேரத்துக்கு நீங்கள் கை கழுவ எழுந்து போயிருப்பீர்கள். தப்பில்லை, நானே அப்போது எழுந்துவிடுவேன்.

கடைசி எபிசோடு பார்த்தீர்களா? அழுதீர்களா? எல்லாரும் அழுதார்களாம். அதில் கடைசிக் காட்சியில் பேசினது நான் இல்லை, என்னோடு ஸ்டூடியோவில் வேலை செய்கிற பெண். எப்சிபா. பார்த்தீர்களா, உங்களுக்கே தெரியவில்லை.

அந்த எப்சிபா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூச்சு விட முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், என்னவென்று பிடிபடவில்லையாம். அவள் புருஷன் சாம்ராஜ், நாலு பேர் பார்க்க ஸ்டூடியோ வாசலில் நின்றுகொண்டு, "உங்க கண்ணு பட்டுத்தான் இப்படி ஆச்சு" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறான். என் கண்ணா? அந்த வாய்ப்பை அவளுக்குக் கொடுத்ததே நான், அம்மா! அவள் பிழைத்து வரவேண்டும் என்று நானும்தான் வேண்டிக்கொள்கிறேன். இளநீர் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். நேரில் போகவில்லை, ஆஸ்பத்திரிக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்காகப் பழியை என் மேல் போட்டால் எப்படி? முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் வேலை எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இருட்டான சின்ன அறை. கதவைச் சாத்தினால் நம் காதுக்குள் ஓடுகிற ரத்தம் நமக்கே கேட்கும். முன்னால் திரை, மூக்குக்கு நேராக மைக், தலையில் ஹெட்போன். ஹெட்போனில் அந்த ஜப்பான்காரி பேசினது ஓடும். அதைப் பைலட் என்று சொல்வோம். அவள் வாய் திறக்கும்போது நான் திறக்க வேண்டும், அவள் மூடும்போது மூட வேண்டும். உதட்டைப் பார்த்துப் பேசுகிறோம் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். உதட்டைப் பார்த்தால் பிந்திவிடும். மூச்சைத்தான் பிடிக்க வேண்டும். பேசப்போகிறவள் அதற்கு முன்னால் மூச்சை இழுப்பாள் இல்லையா? அதே நேரத்தில் நானும் இழுத்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். பதினோரு வருஷம் அந்த அம்மா இழுத்த மூச்சை நானும் இழுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரரோடு அதைவிட அதிக வருஷம் குடித்தனம் செய்கிறேன், அவர் எப்போது மூச்சை இழுக்கிறார் எப்போது விடுகிறார் என்று எனக்குத் தெரியாது. குறட்டை மட்டும் தெரியும்.

அந்த நடிகையின் பேர் சயேகோ மினெகிஷி. முதலில் என் வாயில் நுழையவில்லை. மினுக்கிச்சி என்பேன், அருணகிரி சார் சிரிப்பார். எங்கள் ஸ்டூடியோ சாலிகிராமத்தில் ஒரு மாடியில் இருக்கிற சின்ன இடம். வசனம் எழுதுவதும் அருணகிரி சார்தான், கன்சோலில் உட்கார்ந்து பதிவு செய்வதும் அவர்தான். வேலை இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் அந்த அம்மாவைப் பற்றி எதையாவது படித்துச் சொல்வார். அவளும் என்னை மாதிரி சீக்கிரமே படிப்பை விட்டுவிட்டு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தவளாம். முதலில் படுதா இழுத்திருக்கிறாள். அப்புறம் ரேடியோ நாடகம். அப்புறம் பொம்மைப் படங்களில் சின்னப் பையன்களுக்குக் குரல். ஐம்பது வயதிலும் பத்து வயதுப் பையனாகப் பேசுவாளாம். கேமராவில் முகத்தைக் காட்டினதே நாற்பது தாண்டித்தான். அதுவரைக்கும் அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்திருக்கிறது.

நம் கதைதான். ஆனால் அங்கே குரல் கொடுக்கிறவர்களுக்கு மரியாதை உண்டாம். தெருவில் நிறுத்திக் கையெழுத்து வாங்குவார்களாம். இங்கே என்னை யார் நிறுத்தினார்கள்? எங்கள் தெருக் காய்கறிக்காரர் ஒரு தடவை, "இன்னொரு வாட்டி அந்த மாதிரி பேசும்மா" என்று கேட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை அதிகமாகப் போட்டார். அவ்வளவுதான் என் விருது.

இன்னொன்றும் சார் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்த ஊரில் ஒரு வழக்கமாம். வெளிநாட்டு நடிகை ஒருத்திக்குத் தங்கள் பாஷையில் குரல் கொடுக்க ஒருத்தி அமைந்துவிட்டால், கடைசி வரைக்கும் அவளேதான் கொடுக்க வேண்டுமாம். மினெகிஷி அப்படி ஒரு பிரெஞ்சுக்காரிக்குப் பேசிவந்திருக்கிறாள், இருபது முப்பது வருஷம். அந்தப் பிரெஞ்சுக்காரி செத்த பிறகு அவள் நடித்த கடைசிப் படம் வந்திருக்கிறது. அதற்கும் மினெகிஷிதான் பேசினாள். பேசி முடித்து வீட்டுக்குப் போனவளுக்கு மறுநாள் குரல் இல்லை. மாதக்கணக்கில் இல்லையாம். "போகும்போது தன் மௌனத்தை என் தொண்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்" என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறாள்.

சார் அதைப் படித்துவிட்டு, "என்னமா சொல்லியிருக்கா பாரு, கவிதை!" என்றார்.

"இது கவிதை இல்ல சார்."

"பின்ன?"

"நடந்திருக்கு."

"உனக்கு எல்லாத்துலயும் பேய் தெரியும் சுகுணா. போ, அடுத்ததைப் பார்க்கலாம்."

பேய் என்று நான் சொல்லவே இல்லை. நான் பார்த்தது வேறு. ஒருத்தி போகிறாள், அவளுக்குப் பேசினவளுக்குத் தொண்டை அடைக்கிறது. நாளைக்கு இவளும் போனால், இவளுக்குப் பேசுகிறவள் யார்? எட்டாவது படித்தவளுக்கே இது புரிகிறது, சாருக்குப் புரியவில்லை.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்தட்டுமா? காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. பழக்க தோஷம், நெஞ்சை மூடிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

போன மழைக்காலத்தில் கடைசி சீசன் வந்தது. முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விடுதிக்கு வருகிறவர்களிடம் அந்த அம்மா எப்போதும் சொல்வாளே, "உள்ளே வாங்க, வெந்நீர் காத்திருக்கு" என்று. அதைச் சொல்வதற்குள் நடுவில் ஒரு மூச்சு எடுத்தாள். பதினோரு வருஷத்தில் அந்த இடத்தில் மூச்சு எடுத்ததே இல்லை. எடுத்த மூச்சிலும் ஒரு சின்னச் சீறல். கொதி வந்தும் விசில் அடிக்காமல் இருக்கும் பாருங்கள் குக்கர், அந்தச் சத்தம்.

அறைக்கும் கன்சோலுக்கும் நடுவில் பேசிக்கொள்கிற டாக்பேக்கில் சாரிடம் சொன்னேன். "சார், இந்தம்மா நடிக்கல."

"வயசான கேரக்டர்மா. அதுக்கேத்த மாதிரி மூச்சு விடறாங்க. அனுபவம்."

"நடிக்கிற மூச்சு தொண்டையிலேருந்து வரும் சார். இது எங்கேயோ அடியிலேருந்து வருது."

பக்கத்தில் நின்ற எப்சிபாவுக்குச் சிரிப்பு. "எக்கா, உங்களுக்கு டாக்டர் பட்டம் எப்ப குடுத்தாவ?"

எப்சிபாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாசரேத்துப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அந்த விடுதியில் வாயாடிச் சமையல்காரி வருவாளே, அது அவள் குரல். வாயில்லாவிட்டால் நாய் கவ்விக்கொண்டு போய்விடும் என்று நான் திட்டினால், "அந்த நாய்க்கும் நான்தானே டப்பிங்" என்பாள். யார் குரலையும் அப்படியே எடுத்துவிடுவாள். ஒரு நாள் என் போனிலிருந்து எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, என் குரலில், "ஏங்க, குழம்பு வெச்சு, சாதம் வடிச்சு வெச்சிடுங்க, வர லேட்டாகும்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்பைத் தொடாத மனுஷன் வடித்து வைத்திருந்தார்! "நீ அந்தக் குரல்ல சொன்னா மறுக்க முடியுமா?" என்றார். என் குரலுக்கு அப்படி ஒரு அதிகாரம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தொண்டை கட்டிய நாட்களில் எனக்காக நாலைந்து வார்த்தை அவள் பேசிக் கொடுப்பாள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நல்லவள்தான். நான் ஒரு நாளும் அவளைப் பற்றிக் குறையாகச் சொன்னதில்லை, அதை மறந்துவிடாதீர்கள்.

எங்கே விட்டேன்? ஆங், மூச்சு. ஒவ்வொரு எபிசோடாகப் பேசப் பேச அந்தச் சீறல் அதிகமானது. பேச வேண்டும் என்றால் அந்த மூச்சைத்தான் நானும் எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை. அவள் பாதியில் நிறுத்தினால் நானும் பாதியில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நாளில் வீட்டுக்குப் படி ஏறும்போது எனக்கும் நின்றுவிட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில், நெஞ்சுக்குள் யாரோ உள்ளங்கையை வைத்து, இரு, என்று சொல்வது மாதிரி. காய் நறுக்கும்போது வந்தது. சாமி கும்பிடும்போது வந்தது. அதே சீறல். பதறிப்போய் வீட்டுக்காரரிடம் சொன்னால், "நாலு பஜ்ஜியைக் குறை, எல்லாம் சரியாகும்" என்கிறார்.

டாக்டரிடமும் போனேன். ஊதச் சொன்னார், ஊதினேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, பயத்தைக் குறைங்க" என்று மாத்திரை எழுதினார். பயத்தைக் குறைக்கிறதற்கு மாத்திரை இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? அவர் என் நெஞ்சில்தான் கருவியை வைத்தார். மூச்சு எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பொங்கல் கழிந்து ஒரு காலையில் ஸ்டூடியோவுக்குப் போனேன். சார் கன்சோலில் சும்மா உட்கார்ந்திருந்தார். எப்சிபா ஒரு மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா போயிட்டாங்க சுகுணா" என்றார் சார்.

எனக்கு யாரென்று கேட்கத் தோன்றவில்லை.

"ஷூட்டிங் முடிச்ச கையோட ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. வெளியில சொல்லல. நீ சொன்ன மாதிரியே நுரையீரல்."

நான் சொன்னேன் என்று அவரே ஒத்துக்கொண்டார், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அதில் சந்தோஷமா என்ன? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி எபிசோடு அப்போதுதான் வந்திருந்தது. முக்கால்வாசிக் காட்சிகள் எப்போதும் போலத்தான். அவற்றைப் பேசி முடித்துவிட்டேன். மிச்சம் ஒன்றே ஒன்று, விடுதிக்கார அம்மா சாகிற காட்சி. சார் அதைப் போட்டார். நான் அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். படுக்கையில் கிடக்கிறாள். வாய் அசைகிறது. காதில் ஒன்றும் வரவில்லை.

"சார், பைலட் வரல."

"வரும்... வராது. அதுல குரல் இல்ல."

"இல்லன்னா?"

"ஷூட்டிங்ல அவங்களால வாயை மட்டும்தான் அசைக்க முடிஞ்சிருக்கு. குரலை அப்புறம் தனியா பதிவு பண்ணிக்கலாம்னு விட்டிருக்காங்க. அதுக்குள்ள போயிட்டாங்க. அங்க வேற யாரையும் பேச வைக்க மனசு வரல போல. எழுத்து மட்டும் போட்டுட்டாங்க."

"நாமளும் எழுத்தே போட்டுடலாமே சார்."

"சேனல்ல கேட்டேன். மதியானச் சீரியல், பாதிப் பேர் சமையல்கட்டுல இருந்துதான் கேக்கறாங்க, சத்தம் வரலைன்னா டிவி கெட்டுப்போச்சுன்னு தட்டுவாங்க, குரல் வேணும்னுட்டாங்க."

உண்மைதான், நீங்களே சொல்லுங்கள், எழுத்து ஓடினால் நாம் உட்கார்ந்து படிக்கிறோமா?

ஆனால் என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முப்பது வருஷமாக ஒருத்தி பேசினதற்குப் பின்னால் போய்ப் பேசியே பழக்கம். முன்னால் ஒருத்தி நடந்து போவாள், அவள் கால் வைத்த இடத்தில் நான் கால் வைப்பேன். இங்கே முன்னால் யாரும் இல்லை. அவள் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனதை நான்தான் முதல் முதலாகச் சொல்ல வேண்டும். அதுவும் என்ன வசனம்? அதே வசனம். "உள்ளே வாங்க, வெந்நீர் காத்திருக்கு." அறையில் வேறு யாரும் இல்லை. மகன் இல்லை, சமையல்காரி இல்லை, ஒரு விருந்தாளி இல்லை. யாரைக் கூப்பிடுகிறாள்?

மறுபடியும் போடச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் அந்த அம்மா ஒரு தடவைகூடக் கேமராவை நேராகப் பார்த்ததில்லை. பக்கத்தில் பார்ப்பாள், குனிந்து பார்ப்பாள். இந்தக் காட்சியில் நேராகப் பார்க்கிறாள். இருட்டு அறையில் அந்தத் திரைக்கு எதிரில் நிற்பது நான் ஒருத்திதானே? என்னைத்தான் பார்த்தாள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்துவிட்டேன். "தொண்டை சரியில்ல சார், நாளைக்குப் பேசறேன்" என்றேன்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் செத்த மாதிரி நடித்தவர்களைக் கடைசியில் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. சாகிற காட்சிக்குக் குரல் கொடுத்தவள் ஹெட்போனைக் கழற்றுவதற்கு முன்னால் மைக்கில் தன் பேரைச் சொல்லி, இன்னார் நல்லா இருக்கா என்று சொல்லிவிட வேண்டும். மைக்கின் சிவப்பு விளக்கு எரிகிறபோதே சொல்ல வேண்டும். அணைந்த பிறகு சொல்வது கணக்கில் இல்லை. நான் எத்தனையோ சாவு செத்திருக்கிறேன். மாமியாராகச் செத்திருக்கிறேன், ராணியாகச் செத்திருக்கிறேன், ஒரு தடவை திமிங்கிலமாகக்கூட. ஒரு நாளும் சொல்லாமல் வெளியே வந்ததில்லை. எப்சிபா கேலி செய்வாள். "எங்களுக்கு இதெல்லாம் கிடையாதுக்கா, கர்த்தர் பார்த்துக்கிடுவார்" என்று, செத்த கையோடு வந்து வடை தின்பாள்.

அன்றைக்கு வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்தேன். மற்ற சாவெல்லாம் நடிப்பு. அங்கே நடித்தவள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள், அதனால் நாம் பேரைச் சொன்னால் போதும். இது அப்படி இல்லை. இந்த அம்மா எழுந்து போகவில்லை. இதற்குப் பேர் சொன்னால் மட்டும் போதுமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. நெஞ்சில் அந்தக் கை மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. பேசினால் நான் பிழைக்கமாட்டேன் என்பது தெரிந்துவிட்டது. சிரிக்காதீர்கள். சிரிக்கவில்லையா? சரி.

மறுநாள் போய்ச் சாரிடம், "எப்சிபா பேசட்டும் சார்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இந்தக் காட்சிக்காகத்தானேம்மா இத்தனை வருஷம்? கடைசிக் காட்சிய யாராவது விட்டுக்கொடுப்பாங்களா?"

"சின்னப் பொண்ணு சார், முன்னுக்கு வரட்டும். என் குரல் அவகிட்ட அப்படியே இருக்கு. யாருக்கும் தெரியாது."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்குப் பெரிய மனசு சுகுணா" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அதைக் கேட்டபோது எனக்கே அப்படித்தான் இருந்தது. எப்சிபா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எக்கா, எங்கம்மாகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லக்கா. கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார்." அவளுக்கு மூன்றாவது படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். "பாப்பாட்டச் சொல்லணும், அம்மா இனிமே சமையல்காரி இல்ல, மொதலாளியம்மான்னு" என்று குதித்தாள். கழுத்தில் தங்கச் சிலுவை ஆடியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அவளுக்குத்தான் ஒரு காப்பு இருக்கிறதே. எனக்கு என்ன இருக்கிறது?

என்னம்மா, தள்ளி உட்காருகிறீர்கள்? வெயிலா? அந்தத் திரையை இழுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

அவள் உள்ளே போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சாருக்குப் பக்கத்தில். பேசினாள் பாருங்கள்! ஒரே டேக். பைலட் இல்லை, முன்னால் யாரும் இல்லை, ஆனால் அந்தச் சீறல், அந்தப் பாதி மூச்சு, எல்லாம் வந்தது. நான் எப்படிப் பேசியிருப்பேனோ அப்படி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நானேதான் உள்ளே படுத்துச் சாகிறேன். "உள்ளே வாங்க" என்று அவள் சொன்னாள். அதே நேரம் என் நெஞ்சில் இருந்த கை எடுபட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எடுபட்டது. முழு மூச்சு உள்ளே போனது, மாதக்கணக்காகப் போகாத மூச்சு.

சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சேனல்ல சொல்லிட்டு வரேன், அவளை வெளிய வரச் சொல்லு" என்று போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். கன்சோல் அறையில் நான் மட்டும். கன்சோலில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.

"எக்கா, நல்லா இருந்துச்சா?"

டாக்பேக் பட்டனை அழுத்தி, "பிரமாதம்டி" என்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எக்கா... கையி காலெல்லாம் சில்லுன்னு கிடக்கு. அந்தம்மா என்னையவே பார்த்த மாதிரி இருந்துச்சு. நீங்க பேர் சொல்லுவீங்கள்லா, இன்னைக்கு நானும் சொல்லுதேன். எப்படிச் சொல்லணும்?"

சாம்ராஜுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. அவளாகவே கேட்டாள், நான் ஒன்றும் வலியப் போய்ச் சொல்லவில்லை. எனக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அதற்குள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பதினோரு வருஷமாக அந்த அம்மாவோடு இருந்தது என் குரல். கூப்பிடுகிற எதுவும் குரலை வைத்துத்தான் தேடும். இவள், "எப்சிபா நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டால், ஓகோ, இது சுகுணா இல்லையா என்று தெரிந்துபோகும். அப்புறம் அது நேராக எங்கள் வீட்டுப் படி ஏறும். எனக்கும் வீடு இருக்கிறது, எனக்கும் பெண் இருக்கிறாள் பண்ருட்டியில், பேரன் பிறக்கப்போகிறான்.

பட்டனை அழுத்தினேன். "செத்தது யார் குரலோ அவங்க பேரைத்தான்டி சொல்லணும். என் குரல்லயே சொல்லு. சுகுணா நல்லா இருக்கான்னு சொல்லு."

"அப்படியாக்கா?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, கண்ணை மூடி, என் குரலை எடுத்து, "சுகுணா நல்லா இருக்கா" என்றாள். நான் கேட்காமலே இன்னும் இரண்டு தடவை சொன்னாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா? அவ்வளவு ஆசையாக என் பேரை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

"இப்ப என் பேரையும் சொல்லிருதேங்க்கா" என்றாள்.

"அதெல்லாம் வேணாம், வா, டீ ஆறுது" என்றேன். அவள் மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோவதற்குள் பதிவை நிறுத்தி, சிவப்பு விளக்கை அணைத்துவிட்டேன்.